இருபத்தைந்து லிட்டர்

ஓசூரிலிருந்து அக்கா போனில் சிரிக்கிறாள்:
"வெயிலூர்ல வெந்நீருக்குச் சண்டையாடி?"
அவள் வந்து போவது மே மாதத்தில்.
மே மாதம் மொட்டைமாடி டேங்கே வெந்து கிடக்கும்,
மத்தியானம் கால் கழுவினால் கால் சுடும்,
கீசர் சுவிட்சை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.
மார்கழியில் அவள் வந்ததே இல்லை.
மலையை ஒட்டிய காகிதப்பட்டறையில்
விடிகாலைக் குழாய்
கையைக் கடிக்கும்.

எனக்கு இரவு ஷிஃப்ட். ரத்தப் பரிசோதனைக் கூடம்.
மால்டா, அகர்தலா, சித்தூர், ஆரணி
என்று சீட்டு ஒட்டிய குப்பிகளை
மூடியின் நிறம் பார்த்து விடிய விடிய அடுக்குவேன்.
ஏழே முக்காலுக்கு வீடு வந்தால்
காபிகூட வேண்டாம் எனக்கு.
பிடரியில் விழுந்து
நடு முதுகுவரை இறங்குகிற
இரண்டு வாளிச் சூடு.

அதற்குள் எல்லாரும் முடித்திருப்பார்கள்.
மாமனார் ஆதிகேசவலு நாலரைக்கு,
"எனக்கு வெதுவெதுப்பா இருந்தா போதும்" என்றபடி
மூன்று வாளி.
பூவிழிக்கு வாரம் மூன்று நாள் தலைக்குளியல்.
தோல் ஷெட்டுக்குப் போகிற தேசிங்கு
ராணிப்பேட்டை பஸ்ஸுக்கு ஓடுமுன்
நேற்றைய வாசனைக்கு ஒரு தடவை,
இன்றையதற்கு முன்கூட்டியே ஒரு தடவை.
போகிற போக்கில் சுவிட்சையும் அணைத்துவிடுவான்.
கரண்ட் பில்.

நான் திறந்தால்
முதல் சொம்பு மட்டும் உண்மை பேசும்.

ஆய்வகத்துக்காரி, சும்மா இருப்பேனா.
பழைய தெர்மாமீட்டரைக் குழாயடியில் பிடித்தேன்.
குளியலறைக் கதவில் மார்க்கரால் எழுதினேன்.
நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்று.
பதினோராவது லிட்டரில் இருபத்தாறு.
உடம்பில் எழுதியிருப்பது இருபத்தைந்து லிட்டர்,
மீதி பதினான்கு எங்கே?
தேசிங்கு திருகை எழுபத்தைந்துக்கு ஏற்றினான்.
முதல் சொம்பு கையைப் பொசுக்கியது,
பதினோராவது லிட்டர்
அதே இடத்தில் காத்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முனவ்வர் வந்தார்.
அடிமூடியைக் கழற்றியதும்
பேசினுக்குள் கல் மழை.
"இன்னாம்மா, உள்ள ஆறே கீது!"
வெள்ளை ஓடுகள், தட்டையாய், கூர்மையாய்,
ஹீட்டர் கம்பி ஒடிந்த கால்போல
மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வெளியே வந்தது.
காய்கறித் தராசில் வைத்தேன். ஆறரைக் கிலோ.
முந்நூறு அடி போர் தண்ணீர்,
நாலு வருஷம்.

இன்னொன்றும் காட்டினார்.
பச்சைத்தண்ணீர் உள்ளே வருகிற வழியில்
தொப்பி மாதிரி ஒரு பிளாஸ்டிக். உடைந்திருந்தது.
"இது இருந்தா, வர்ற தண்ணி சத்தமில்லாம அடியில பரவும்மா.
சூடு மேல நிக்கும். ஒண்ண ஒண்ணு தொடாது.
இது ஒடைஞ்சா நேரா மேல பீறிக்கினு போயி
எல்லாத்தையும் கலக்கி உட்ரும்."

ஒரே உருளை. ஒன்று போகப் போக ஒன்று உள்ளே வரும்,
இடையில் சுவர்கூட இல்லை.
நான் வந்து படுக்கும்போது
தேசிங்கின் தலையணைக் குழி
இன்னும் எழும்பியிருக்காது.

எழுபது ரூபாய் தொப்பி. கரைந்துபோன மெக்னீசியக் கம்பிக்கு நானூறு.
கூலியில் இருபது குறைத்தார், டீ கொடுத்ததால்.
ஒரு கல்லைப் பூவிழி பள்ளிக்கு எடுத்துப்போனாள்.

திங்கட்கிழமை.
முதல் வாளி. இரண்டாவது வாளி.
பழக்கதோஷம், தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்,
இதோ இப்போது என்று.
வரவில்லை.
மூன்றாவது வாளியிலும் ஆவி.
அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தேன்:
சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
கதவில், என் எண்களுக்குக் கீழே,
அவன் கோணல் எழுத்தில் ஒரே வார்த்தை,
'அணைக்கல.'

பில் வரட்டும்.